நோயால் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளை: ரியூனியனில் படிப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

பிள்ளைக்குப் பெரிய நோய் என்று தெரியவந்த வாரத்தில் எந்த வீட்டிலும் பள்ளிக்கூடம் நினைவுக்கு வராது. வர வேண்டியதும் இல்லை. ஆனால் இரண்டாவது வாரம் முடிவதற்குள் பள்ளியோடு ஒரு நூலாவது கட்டி வைத்துவிட வேண்டும். விட்டுப்போன பாடத்தைப் பிறகு பிடித்துவிடலாம். 'நான் இந்த வகுப்புப் பிள்ளை' என்ற நினைப்பு விட்டுப்போனால் அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. கீழே சொல்லும் எல்லாமே அந்த நினைப்பைக் காப்பதற்கான வழிகள்தான்.

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்து இந்தத் தீவில் குடியேறிய குடும்பங்களில் பலர், நீண்ட நாள் விடுப்பு என்றால் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். எடுக்காதீர்கள். இங்கே நடப்பது பிரெஞ்சுப் பள்ளிமுறை. 3 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2019 முதல் சட்டம். அந்தக் கட்டாயம் பெற்றோருக்கு மட்டும் உரியதல்ல. நோயில் கிடக்கும் பிள்ளைக்கும் ஆசிரியரைத் தேடித் தரும் ஏற்பாடு அரசிடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

முதல் இரண்டு வாரத்தில்

தொடக்கப்பள்ளி என்றால் தலைமையாசிரியருக்கும், கொலேஜ் (நடுநிலைப்பள்ளி), லிசே (மேல்நிலைப்பள்ளி) என்றால் வகுப்புப் பொறுப்பாசிரியரான புரொஃபெசர் பிரின்சிபாலுக்கும் எழுதுங்கள். நான்கே வரி போதும்: பிள்ளை நோயுற்றிருக்கிறது, ஏறத்தாழ இத்தனை வாரம் வர இயலாது என்று மருத்துவர் சொல்கிறார், பள்ளியோடு பேசப்போவது வீட்டில் இன்னார், 'அபாத்' ஏற்பாடு (அடுத்த பத்தியில் விளக்கம்) வேண்டும். நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. 'ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்களோ' என்று நம்மவர்கள் பலர் பள்ளிக்கே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. நோயின் பெயர் மருத்துவ ரகசியம். மருத்துவச் சான்றிதழை மூடிய உறையில், பள்ளி மருத்துவர் பெயருக்குக் கொடுங்கள். பிள்ளையால் என்ன முடியும், என்ன முடியாது என்பது மட்டும் ஆசிரியருக்குப் போகும்.

அபாத் என்பது வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ ஆசிரியரை அனுப்பும் அரசு ஏற்பாடு. கட்டணம் கிடையாது. இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் வர முடியாத பிள்ளைகளுக்கும், சிகிச்சைக்காக விட்டுவிட்டு வராமல் போகும் பிள்ளைகளுக்கும் உரியது. தீவின் கல்வித்துறைத் தலைமை அலுவலகமான ரெக்தோராவில் இதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். பள்ளி வழியாகவே அவரை அணுகலாம். கூடுமானவரை பிள்ளையின் சொந்த ஆசிரியர்களையே கேட்பார்கள். முன்வருகிறவர்கள்தான் வருவார்கள், அவர்களுக்குத் தனி ஊதியம் உண்டு. வாரத்துக்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும், முழு அட்டவணையை எதிர்பார்க்கக் கூடாது.

இந்த ஏற்பாடு தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் சான்றிதழ்தான். 'பிள்ளைக்கு உடல்நலமில்லை' என்று மட்டும் எழுதிய தாளை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. டாக்டரிடம் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: எத்தனை வாரம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படிக்க உடல் இடம் கொடுக்கும், ஆசிரியர் வீட்டுக்கு வரலாமா மருத்துவமனைக்கா. கால அளவு உறுதியாகத் தெரியாது என்றால் 'நான்கு வாரம், புதுப்பிக்கத்தக்கது' என்று எழுதினாலும் போதும். அடுத்த சிக்கல், பாடம் நடக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் பாட்டியோ சித்தியோ எந்த நாளில் இருப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாப் பாடத்துக்கும் ஆள் கேட்டால் ஒருவரும் கிடைக்காமல் போகலாம். கணக்கும் பிரெஞ்சும் மட்டும் கேளுங்கள். மூன்றாவது பாடம் பிறகு.

நோய் முற்றிலும் குணமாகட்டும், அப்புறம் கேட்போம் என்று காத்திருப்பதுதான் மிகப் பெரிய பிழை. அதற்குள் ஒரு பருவம் ஓடிப்போயிருக்கும்.

பே-ஆ-ஈ, எம்-தே-பே-ஆஷ், க்னெட்: எது எதற்கு?

மூன்றையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. பே-ஆ-ஈ என்பது நாட்பட்ட நோயுள்ள பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்துக்கான எழுத்து ஒப்பந்தம். ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு, ஒவ்வாமை, அரிவாள் செல் சோகை போன்றவற்றுக்கும், புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் திரும்பும் பிள்ளைக்கும் இதுதான். பெற்றோர் கேட்க, சிகிச்சை தரும் டாக்டர் எழுத, பள்ளி மருத்துவர் வகுத்துத் தருவார். அதன் உயிர்நாடி அவசர நேரத் தாள்: என்ன அறிகுறி, என்ன மருந்து, எவ்வளவு, எப்போது 15-க்கு (அவசர மருத்துவ எண்) அழைப்பது. மருந்துப் பையைக் கொடுப்பது பெற்றோர் பொறுப்பு. பெட்டியின் மேல் பெயரும் காலாவதித் தேதியும் வெளியே தெரிய எழுதுங்கள், அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கைபேசியில் நினைவூட்டல் போட்டு வையுங்கள். வகுப்பு சுற்றுலா போகும் நாளில் பை பள்ளி அலமாரியிலேயே தங்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிசகு.

நீரிழிவுள்ள பிள்ளைக்கு ஒரு தனிக் குறிப்பு. ஊரில் சர்க்கரை அளவை 70 என்று சொல்லிப் பழகியிருப்போம். இங்கே அதே அளவை லிட்டருக்கு 0,70 கிராம் என்று எழுதுவார்கள். பாட்டிக்கு ஒரு கணக்கு, பள்ளிச் செவிலியருக்கு ஒரு கணக்கு என்று இரண்டு தாள் வீட்டில் இருக்கக் கூடாது, இங்குள்ள அளவிலேயே எல்லோரும் பேசுங்கள். 0,70-க்குக் கீழே இறங்கினால் எத்தனை சர்க்கரைக் கட்டி என்று பிள்ளையின் எடைக்கேற்ப டாக்டர் எழுதியிருப்பார். கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எண் சரியான பிறகும் சிறிது நேரம் மூளை மந்தமாகவே இருக்கும். அந்த வேளையில் எழுதிய தேர்வைப் பிள்ளையின் திறமையாக எண்ணக் கூடாது என்று பே-ஆ-ஈயிலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

நோய் நீடித்த குறைபாடாக மாறும்போது மாற்றுத்திறனாளிகளுக்கான எம்-தே-பே-ஆஷ் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 2005 பிப்ரவரி 11 சட்டத்தின் கீழ் அமைந்தது அது. வகுப்பில் உதவியாளர், தேவைக்கேற்ற கருவிகள், குழந்தைக்கான உதவித்தொகை எல்லாம் அங்கேதான். விண்ணப்பப் படிவம், ஒரு வருடத்துக்குள் எழுதிய மருத்துவச் சான்றிதழ், பள்ளியில் நிரப்பும் ழெவா-ஸ்கோ தாள் மூன்றும் சேர்ந்தால்தான் கோப்பு நகரும். நான்கு மாதம் வரை ஆகலாம். நான்கு மாதம் பதிலே இல்லையென்றால் மறுத்துவிட்டார்கள் என்று பொருள். அப்படியே விட்டுவிடாமல் முறையீடு செய்யலாம்.

க்னெட் அரசின் தொலைக்கல்வி. பிள்ளையால் அந்த ஆண்டு முழுதுமே பள்ளிக்கு வர இயலாது என்று டாக்டரே சொன்னால் அது கைகொடுக்கும். உடல்நலக் காரணத்துக்காக அனுமதியோடு சேர்ந்தால் 16 வயதுக்குள் கட்டணமில்லை. வீட்டுக்கல்வி அனுமதியை வழக்கமாக மார்ச் 1 முதல் மே 31 வரைதான் கேட்க வேண்டும், ஆனால் உடல்நலம் காரணம் என்றால் ஆண்டின் நடுவிலும் கேட்கலாம். என்றாலும் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: பகுதி நேரமாவது பள்ளிக்குத் திரும்ப வாய்ப்பிருந்தால் க்னெட் முழுவகுப்புக்கு அவசரப்படாதீர்கள். அதில் பாடம் வரும், தோழர்கள் வரமாட்டார்கள். களைப்பில் இருக்கும் பிள்ளைக்கு அதன் பாடச்சுமையும் அதிகம்.

டெடி என்ற சிறு ரோபோவைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். 2021 முதல் கல்வி அமைச்சகம் தருவது. வகுப்பு மேசையில் அது இருக்கும். பிள்ளை படுக்கையிலிருந்து டேப்லெட்டால் அதன் தலையைத் திருப்பிக் கரும்பலகையைப் பார்க்கலாம், பேசலாம், 'கை தூக்கலாம்'. வகுப்பில் வைஃபை நன்றாக இருக்க வேண்டும், பதிவு செய்யக் கூடாது. நாள் முழுக்க ஓட்ட வேண்டாம். கணக்கு ஒரு மணி நேரம், பிறகு இடைவேளையில் நண்பர்களோடு பத்து நிமிடம். பிள்ளை காத்திருப்பது அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

வெள்ளிக்கிழமைத் தாள்

நல்ல மனதோடு எல்லா ஆசிரியரும் நகல் தாள்களைக் குவிப்பார்கள். மூன்றாவது வாரத்தில் அந்தக் கட்டு ஒரு சாண் உயரம் ஆகிவிடும், பிள்ளை அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வகுப்பு வாட்ஸ்அப்பில் வரும் படங்களும் அப்படித்தான்: தலைகீழாக, பாதி மறைந்து, எந்தப் பாடம் என்றே தெரியாமல். ப்ரோனோட் என்ற பள்ளி இணையதளத்தில் எல்லா ஆசிரியரும் ஒழுங்காக நிரப்புவதும் இல்லை.

அதற்குப் பதில் ஒரே ஒரு தாள் கேளுங்கள். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, ஒரே ஆசிரியர் மூலம். மூன்று பத்தி: இந்த வாரம் வகுப்பில் நடந்தது, இந்தப் பிள்ளை செய்ய வேண்டியது, விட்டுவிடலாம் என்பது. மூன்றாவது பத்தியை விடாமல் கேட்டு வாங்குங்கள். 'இதை விட்டுவிடலாம்' என்று ஆசிரியர் கையாலேயே எழுதி வந்தால்தான் பெற்றோர் மனம் ஆறும். நோட்டுகளை எடுத்து அனுப்ப ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு தோழர்களை நியமித்துக்கொள்ளுங்கள். ஒருவன் மட்டும் என்றால் அவன் வராத நாளில் எல்லாம் நின்றுபோகும்.

செய்ய வேண்டியதைக் குறைப்பதற்கும் ஒரு முறை உண்டு. சென்கியேம் (கொலேஜின் இரண்டாம் ஆண்டு) வகுப்பில் பின்னக் கூட்டல் நடக்கிறது, புத்தகத்தில் பன்னிரண்டு கணக்கு இருக்கிறது என்று வையுங்கள். முதல் ஆறைச் செய் என்று சொன்னால் ஆறும் ஒரே மாதிரி எளிதாக இருக்கும். வகைக்கு ஒன்றாக நான்கு எடுங்கள். பகுதி ஒன்றாக இருப்பது ஒன்று: 2/7 + 3/7. ஒரு பகுதி இன்னொன்றின் மடங்காக இருப்பது ஒன்று: 3/4 + 1/8. விடையைச் சுருக்க வேண்டியது ஒன்று: 5/6 + 2/3, அது 9/6 ஆகி 3/2 ஆகும். வாக்கியக் கணக்கு ஒன்று: ஒரு லிட்டர் பழச்சாறில் அண்ணன் அரை லிட்டரும் தங்கை கால் லிட்டரும் குடித்தால் மீதி எவ்வளவு? நான்கும் சரியாக வந்தால் பாடம் புரிந்துவிட்டது, மற்ற எட்டும் வேண்டாம். 2/7 + 3/7 என்பதற்கு 5/14 என்று வந்தால் பகுதியையும் கூட்டியிருக்கிறது. அங்கேயே நிறுத்தி, தோசையை ஏழு துண்டாக வெட்டிக் காட்டுங்கள்.

ஊரில் படித்த அப்பா அம்மா கணக்குச் சொல்லித்தரும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. நாம் வகுத்தலில் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் எழுதிப் பழகியவர்கள். பிரெஞ்சு முறையில் வகுபடும் எண் இடப்பக்கம், நேர்கோட்டுக்கு வலப்பக்கம் வகுக்கும் எண், அதன் கீழே ஈவு. தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. நாம் 1,500 என்று எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு, பிள்ளைக்கு அது ஒன்றரை. விளக்கத்தைத் தமிழில் தாராளமாகச் சொல்லுங்கள், பிள்ளைக்கு அது ஆறுதலும்கூட. தாளில் எழுதுவது மட்டும் பள்ளி எழுதும் விதமாகவே இருக்கட்டும், சொற்களும் பிரெஞ்சில் இருக்கட்டும், ஏனென்றால் தேர்வு அதில்தான்.

படுக்கையருகே

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், கொலேஜ் பிள்ளைக்கு அரை மணி. நாளுக்கு இரண்டு தடவை நடந்தால் அது நல்ல நாள். ஒன்றுமே நடக்காத நாளும் வரும், அதை மறுநாள் கணக்கில் ஏற்றாதீர்கள். நேரத்தை மருந்து அட்டவணையைப் பார்த்து வையுங்கள். பொதுவாகக் காலை உணவுக்குப் பின், டாக்டர் சுற்று வருவதற்கு முன் தெளிவாக இருக்கும். வலி மருந்து கொடுத்த உடனேயும் வேண்டாம், அதன் பலன் தீரும் வேளையிலும் வேண்டாம்.

ஊசிக் குழாயை எழுதாத கையில் போடும்படி செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பல சமயம் அவர்களால் முடியும், கேட்பாரில்லாததால்தான் வலது கையில் போய்விடுகிறது. படுக்கை மேசையில் ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபைலை வைத்து, அதன் மேல் சாய்வாக அட்டையைப் போட்டால் கழுத்து வலிக்காது. தனிமை அறையில் இருக்கும் பிள்ளைக்குக் காகிதமும் பழைய புத்தகமும் உள்ளே விடமாட்டார்கள். பயிற்சித் தாளை லேமினேட் செய்து, துடைத்து அனுப்புங்கள். வெள்ளைப்பலகைப் பேனாவால் எழுதி, படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பி, துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். எதை உள்ளே விடலாம் என்பதில் வார்டு சொல்வதே முடிவு.

புற்றுநோய் மருந்துகளில் வின்கிரிஸ்டின் விரல் நரம்புகளைத் தளர்த்தும். முத்து முத்தாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து கோழி கிளறியது போல ஆனால் அது சோம்பல் அல்ல. வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள், அல்லது டேப்லெட்டில் தட்டட்டும். ஆனால் விடையை நீங்கள் திருத்திவிடாதீர்கள். பிழை இல்லாத தாள் ஆசிரியருக்கு ஒன்றும் சொல்லாது. டெக்சாமெத்தசோன் எடுக்கும் நாட்களில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், ஓயாமல் பசிக்கும். அந்த நாட்களுக்குப் புதுப்பாடம் வைக்காமல் கதை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் கூட்டம் ஆகாது. தைப்பூசக் காவடிக்கும் தீமிதிக்கும் வேண்டிக்கொண்டிருந்தால் நேர்த்தியைப் பெரியவர்கள் செலுத்தட்டும், பிள்ளை வீட்டிலிருந்து கும்பிடட்டும். விரதம் என்று பிள்ளையின் உணவையோ மருந்தையோ தள்ளிவைப்பது வேண்டவே வேண்டாம்.

மெத்ரொபோலுக்கு அனுப்பினால்

சில சிகிச்சைகளுக்குப் பிள்ளையை விமானத்தில் பிரான்சுக்கு அனுப்புவார்கள். அங்குள்ள பெரிய குழந்தை மருத்துவமனைகளில் கல்வித்துறை ஆசிரியர்களே இருப்பார்கள். போய்ச் சேர்ந்த வாரமே அவர்களைக் கேளுங்கள், இங்குள்ள ஆசிரியரின் மின்னஞ்சலைக் கையோடு கொடுங்கள். பாரிசைவிட ரியூனியன், அங்கே கோடையாக இருக்கும்போது இரண்டு மணி நேரமும் அங்கே குளிர்காலமாக இருக்கும்போது மூன்று மணி நேரமும் முன்னால் இருக்கிறது. இங்கே காலை 8 மணி வகுப்பு அங்கே விடியற்காலை 6 அல்லது 5. ஆகவே டெடியோ காணொளியோ மதிய வகுப்புகளுக்கு மட்டும் வையுங்கள்: இங்கே 13 மணி 30 என்றால் அங்கே 11 மணி 30, குளிர்காலத்தில் 10 மணி 30. விடுமுறையும் ஒத்துவராது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை நம் பள்ளிகள் மூடியிருக்கும், அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் ஜனவரியில் பாடம் நடக்கும். டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆறு வாரத்துக்கான வெள்ளிக்கிழமைத் தாள்களை மொத்தமாக வாங்கி அனுப்புங்கள்.

பெற்றோரில் ஒருவர் வேலையில் விடுப்பு எடுத்து உடனிருக்க வேண்டுமானால், 20 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காக மூன்று ஆண்டில் 310 நாள் வரை, மாதத்துக்கு 22 நாள் வரை, குடும்ப உதவித்தொகை அலுவலகமான காஃப் தினப்படி தரும். விண்ணப்பத்தோடு டாக்டரின் சான்றிதழ் வேண்டும். நாட்களை மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.

தேர்வு ஆண்டு

கொலேஜ் முடிவில் வரும் ப்ரெவே, லிசே முடிவில் வரும் பாக் இரண்டுக்கும் கூடுதல் நேரம், எழுதுபவர், கணினி, இடையே ஓய்வு ஆகியவற்றைக் கேட்கலாம். கூடுதல் நேரம் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு: மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி. தேர்வுக்குப் பதிவு செய்யும் ஆண்டுக் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும், ஏப்ரலில் நினைவு வந்தால் பிந்திவிடும். பே-ஆ-ஈ முன்பே இருந்தால் நடைமுறை எளிது. ஜூனில் எழுத முடியாமல் போனால் செப்டம்பரில் மாற்றுத் தேர்வு உண்டு. பாக் தேர்வைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதவும், பெற்ற மதிப்பெண்களை ஐந்தாண்டு வரை வைத்துக்கொள்ளவும் அனுமதி கேட்கலாம். பாக் மதிப்பெண்ணில் 40 விழுக்காடு ஆண்டு முழுதும் நடக்கும் மதிப்பீட்டிலிருந்து வருவதால், வராத நாளின் தேர்வுக்குப் பூஜ்யம் விழாமல் 'மதிப்பிடவில்லை' என்று பதியச் சொல்லுங்கள். ப்ரோனோட்டை மாதம் ஒருமுறை பாருங்கள். விழுந்த பூஜ்யத்தை அந்த மாதமே சொன்னால் திருத்துவார்கள், பருவ மதிப்பீட்டுக் கூட்டம் முடிந்த பின் கடினம்.

திரும்பிப் போகும்போது

திங்கள்கிழமை முழு நாளாகத் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு அரைநாள், அதுவும் பிள்ளைக்குப் பிடித்த பாடம் உள்ள காலைகள். பிறகு வாரத்துக்கு ஓர் அரைநாள் கூட்டுங்கள். பிப்ரவரி, மார்ச் வெயிலில் மதிய வகுப்பு நல்ல உடம்புக்கே கடினம், அதைக் கடைசியாகச் சேருங்கள். இந்தப் படிநிலையை பே-ஆ-ஈயில் எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

முடி கொட்டிய பிள்ளைக்குத் தொப்பி அனுமதி வேண்டும், அடிக்கடி வெளியே போக வேண்டிய பிள்ளைக்குக் கழிப்பறை அனுமதி வேண்டும், மாடி ஏற முடியாதவனுக்குக் கீழ்த்தள அறை வேண்டும். வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்தால் அன்றே தெரிவிக்கும்படி ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள், நீங்களும் அன்றே வார்டுக்கு போன் செய்யுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கான தடுப்பு மருந்து முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன்.

வகுப்புத் தோழர்களிடம் என்ன சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஒரு வாக்கியத்தை வீட்டில் பழக்கிவிடுங்கள்: 'எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, மருந்து எடுக்கிறேன், தொற்றாது.' விளையாட்டு வகுப்பிலிருந்து முழு விலக்குச் சீட்டு வாங்காதீர்கள். எதைச் செய்யலாம் என்று டாக்டர் எழுதித் தரும் பகுதி விலக்கு கேளுங்கள். ஓட முடியாதவன் நேரம் குறிக்கலாம், புள்ளி எண்ணலாம், மைதானத்தில் மற்றவர்களோடு நிற்கலாம். பாடப் புத்தகங்கள் பள்ளியில் ஒரு செட், வீட்டில் ஒரு செட் இருக்கட்டும். பையில் போவது ஒரு நோட்டும், பேனாப் பெட்டியும், தண்ணீர் பாட்டிலும், அவசரத் தாளின் நகலும் மட்டும்.